ஆர்ட்டரியில் காற்றா?

(குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் பேசியது)

மருத்துவச் சொற்களைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, "நான் பி.காம். சார், பேங்க் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன்" என்றேன். "டிஸ்சார்ஜ் சம்மரியும் அகராதியுமாக உட்காருகிறவர் நம் பிளாக்கில் நீங்கள் ஒருவர்தானே" என்றார். உண்மைதான். ஆஞ்சியோ ஆகாத வீடு இங்கே குறைவு. அதனால் ரத்தக் குழாய்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்ட்டரி என்பது தமனி; வெயின் என்பது சிரை. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, திரும்பி வருவது சிரை. எங்கள் பாஷையில் பேமெண்ட், ரிசீட்.

ஆர்ட்டரி கிரேக்கச் சொல். அந்தக் காலத்தில் மூச்சுக்குழாய்க்கும் அதுதான் பெயர். இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகள் ஏறக்குறைய காலியாக இருக்கும், ரத்தமெல்லாம் சிரைகளில் தங்கியிருக்கும். ஆகவே தமனியில் ஓடுவது காற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த எராசிஸ்டிராட்டஸ் என்ற பெரிய மருத்துவரே அப்படித்தான் சொன்னார். வெட்டினால் ரத்தம் கொட்டுகிறதே? காற்று வெளியேறிய இடத்தை நிரப்பப் பக்கத்துச் சிரையிலிருந்து பாய்கிறது என்பது அவர் விளக்கம்! ஏறக்குறைய 400 வருஷம் கழித்து கேலன் என்பவர், உயிருள்ள பிராணியின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் கீறிக் காட்டினார். உள்ளே இருந்தது ரத்தம். ஆனாலும் பெயர் மாறவில்லை.

நாம் சிரிப்பதற்கில்லை. தமனி சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். அதன் வேருக்கு 'ஊதுதல்' என்று பொருள். அங்கேயும் காற்றுதான்.

சிரைக்கு லத்தீனில் வீனா, கிரேக்கத்தில் ஃபிளெப்ஸ். ஆகவே ரிப்போர்ட்டில் 'வீனஸ்' என்றாலும் 'ஃபிளெபைட்டிஸ்' என்றாலும் விஷயம் சிரையைப் பற்றியது. 'ஸ்டெனோசிஸ்' என்றால் குறுகல். 'த்ராம்போசிஸ்' என்றால் உள்ளே ரத்தம் கட்டிப்போவது. காலில் டீப் வெயின் த்ராம்போசிஸ் என்று எழுதியிருந்தால், தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுவது கெரோட்டிட். கிரேக்கத்தில் 'காரோஸ்' என்றால் மயக்கம். அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று அன்றைக்கே கண்டிருக்கிறார்கள். சலூனில் மசாஜ் என்று கழுத்தை அழுத்தி, சடக்கென்று திருப்புகிறார்களே, அதற்கு நம் வயதுக்காரர்கள் தலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

கரோனரி, லத்தீன் 'கொரோனா', அதாவது கிரீடம். இதயத்தைக் கிரீடம் மாதிரி சுற்றியிருப்பதால் அந்தப் பெயர். வைரஸுக்கும் அதே வேர்தான். சொந்தம் அத்தோடு சரி. கேப்பிலரி என்றால் தலைமுடி போன்றது. தமிழில் தந்துகி, நூல் போன்றது.

ஸ்டென்ட் மட்டும் கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. பல்லுக்கு அச்செடுக்கும் பொருளைச் சீர்படுத்திய சார்லஸ் ஸ்டென்ட் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பல் மருத்துவரின் பெயர் அது.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மாத்திரை பற்றி மட்டும் வேண்டாம், அதற்கு டாக்டர் இருக்கிறார்.