நாய் ஏன் கடிக்கிறது?

 

மூணாறு லயங்களில் காலையில் கொழுந்து கிள்ளப் போகிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விடியும் முன்னே பால் ஊற்றப் போகிறார்கள். வழியெல்லாம் நாய். நாயைக் கண்டால் நமக்குப் பயம். நம்மைக் கண்டால் நாய்க்கும் பயம். இது பலருக்குத் தெரிவதில்லை.

நாய் பெரும்பாலும் காரணத்தோடுதான் கடிக்கிறது. குட்டி போட்ட நாய், குட்டியைக் காக்கக் கடிக்கும். தின்னும்போது கிட்டே போனால் கடிக்கும். தூங்கும்போது மிதித்தால் கடிக்கும். கல்லடி பட்ட நாய் பயந்து கடிக்கும். ஓடுகிறவரைத் துரத்துவது நாயின் குணம். வெறி நோய் வந்த நாய் மட்டும் காரணம் இல்லாமலும் கடிக்கும்.

கடிக்கும் முன் நாய் எச்சரிக்கும். உறுமும். பல்லைக் காட்டும். முதுகு மயிர் சிலிர்க்கும். வாலைக் காலுக்குள் இடுக்கும். அப்போது ஓடாதீர்கள். கத்தாதீர்கள். கல்லை எடுக்காதீர்கள். அசையாமல் நில்லுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். பிறகு மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். கீழே விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

வெறிநாயின் எச்சிலில் நோய்க் கிருமி இருக்கிறது. அது காயத்தில் புகுந்து, நரம்பு வழியாக மூளைக்குப் போகும். நோய் தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. தொடங்கும் முன்பே தடுக்க வேண்டும்.

முதல் வேலை, காயத்தைக் கழுவுவது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லையா? செம்பில் மொண்டு ஊற்றுங்கள். சோப்பு அந்தக் கிருமியை அழிக்கும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.

அடுத்து, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனை, குரங்கு கடித்தாலும் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டது அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் முதல் நாள் ஒரு முறை, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவது வழக்கம். சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு நாளையும் விடாதீர்கள்.

ரத்தம் வந்த காயமானால் சீரம் என்ற மருந்தும் வேண்டும். ஊசி பலன் தரச் சில நாள் ஆகும். அதுவரை சீரம் காக்கும். சிறிய ஆஸ்பத்திரியில் சீரம் இல்லாவிட்டால், எங்கே கிடைக்கும் என்று கேட்டு உடனே அங்கே போங்கள்.

2022-இல் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி வெறி நோயால் இறந்தார். அவரைக் கடித்தது ஒரு வளர்ப்பு நாய். அவர் ஊசியும் போட்டிருந்தார். “ஊசி போட்டும் போய்விட்டாரே, பிறகு ஊசி எதற்கு?” என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கை, முகம், கழுத்தில் நரம்புகள் அதிகம். அங்கே ஆழமாகக் கடித்தால் கிருமி சீக்கிரம் நரம்பில் ஏறிவிடும். அதனால் அபூர்வமாக இப்படியும் நடக்கிறது. ஆனால் ஊசி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். 1885-இல் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிஞர், 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். அவன் பிழைத்தான். 1907-இல் நம் பக்கத்துக் குன்னூரிலேயே அவர் பெயரில் ஒரு நிலையம் வந்தது. ஆகவே ஊசியை விடக் கூடாது. கழுவுவதிலும் சீரத்திலும் தாமதம் கூடாது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் நாய்க்கடியை மறைப்பார்கள். சிறு கீறலானாலும் வந்து சொல்லச் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் சோப்பை எடுங்கள்.