தொடுகிற கைக்கு உரிமம்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வேலைவாய்ப்பு பற்றிய அமர்வு இது. வங்கியில் எழுத்தராக இருக்கிறவன் பேச வந்திருக்கான், தேர்வு எழுதுறது எப்படின்னு சொல்லித் தருவான்னு நினைச்சிருப்பீங்க. நான் பேசப் போறது மசாஜ் தொழிலைப் பத்தி. அதுவும் ஆண்கள் செய்கிற மசாஜ். பின்வரிசையில சிரிக்கிறாங்க. சிரிங்க, தப்பில்லை. ஆனா இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

அதில் பாதி, காமம் சார்ந்த கிண்டல். மசாஜ் என்றாலே போலீஸ் ரெய்டு, பத்திரிகையில் முகத்தை மூடிக்கொண்ட பெண்கள் படம். மீதிப் பாதி சாதி. இன்னொருத்தன் உடம்பைத் தொட்டு ஊழியம் பண்றது கீழான வேலை என்று நம் மூளைக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். உடம்பில் பிறக்கிற வலியை உடம்பைத் தொடாமல் தீர்க்க முடியாது. எனவே தொடுவதற்கென்று சிலரை ஒதுக்கினார்கள், தொட்டதற்காகவே அவர்களைத் தாழ்த்தினார்கள். நாவிதருக்கு மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் பெயர் இருந்தது. அந்த வீட்டுப் பெண் மருத்துவச்சி. கட்டி கீறியது, சுளுக்கு எடுத்தது, பிள்ளைப்பேறு பார்த்தது எல்லாம் அந்தக் கைகள்தான். 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. மேற்கத்திய மருத்துவம் கல்லூரியில் படித்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டுக் கற்றவர் பெயர் ஏறவில்லை. சட்டத்தின் கண்ணில் 'மருத்துவர்' என்ற சொல் கைமாறிவிட்டது. கத்தியும் சீப்பும் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தன. இதையும் சொல்லணும்: அந்த நாவிதர் கையும் சேரிக்கு வரவில்லை. ஊர்க்கட்டுப்பாடு வர விடவில்லை. நம் தாத்தாக்களுக்கு நம் ஆட்களே முடிவெட்டினார்கள், நம் பாட்டிகளே மருத்துவம் பார்த்தார்கள்.

எங்க தெருப் பையன் ஒருத்தன் இப்போ ஒரு பெரிய ஓட்டலில் மசாஜ் வேலை பார்க்கிறான். பிளஸ் டூ. அரசின் திறன் பயிற்சிப் பட்டியலில் 'ஸ்பா தெரபிஸ்ட்' என்றொரு பணி இருக்கிறது, அதில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினான். அவன் சொல்கிற கணக்கைக் கேளுங்க. கட்டை விரலால் அழுத்துகிறவன் சில வருசத்தில் விரல் மூட்டு போய் வீட்டில் உட்காருவான். முழங்கையும் முன்கையும் வைத்து, கால் ஊன்றி, உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நிலைப்பான். மேசை உயரம் இரண்டு அங்குலம் கூடினால் அன்று ராத்திரி இவன் இடுப்புப் போச்சு. ஆண் வாடிக்கையாளர்களில் பலர் பெண் கை வேண்டும் என்கிறார்கள். பெண் வாடிக்கையாளர்களுக்கு இவனை அனுப்புவதில்லை. ஆக, நாளெல்லாம் காத்திருந்து இரண்டு பேர், மூன்று பேர். வாடிக்கையாளர் கொடுக்கிற பணத்தில் இவன் கைக்கு வருவது சிறு பங்கு. ஆனா ஒண்ணு சொன்னான்: "அண்ணே, ஊர்ல என் நிழல் பட்டா மூஞ்சியச் சுளிக்கிற ஆளுங்க மாதிரியே இருப்பாங்க. மேசைல படுத்ததும் கண்ண மூடிக்கிட்டு 'இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா'ங்கிறாங்க. நான் யாருன்னு கேக்கவே மாட்டேங்கிறாங்க." கேட்க மாட்டார்கள். கண்ணை மூடியிருக்கிற வரைக்கும்தான் அந்தச் சமத்துவம்.

அந்தப் பையன் தனியாக ஒரு அறை எடுத்துத் தொழில் செய்யலாம் என்று கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனான். முத்ரா திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் தரலாம். 2015லிருந்து இருக்கிற திட்டம். அவன் கேட்டது ஒரு மேசை, துண்டுகள், எண்ணெய், அறைக்கு முன்பணம். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்துக் கண் சிமிட்டினாராம். "என்னப்பா, நல்ல தொழிலாத்தான் புடிச்சிருக்கே." விண்ணப்பம் திரும்பி வந்தது, காரணம் எழுதப்படவில்லை. மாவு மில்லுக்கும் டீக்கடைக்கும் அதே திட்டத்தில் கடன் போவதைத் தினமும் கணினியில் ஏற்றுகிறவன் நான்.

சரி, இந்தத் தொடுகிற தொழிலை ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டம் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அதற்காகச் சண்டையும் போட்ட வரலாறு எங்காவது இருக்கிறதா? இருக்கிறது. கிழக்காசியாவில் பார்வையற்றவர்களின் வரலாறு அது.

ஜப்பானில் மசாஜுக்கு அன்மா என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாய்ச்சி என்றொரு பார்வையற்ற ஊசி மருத்துவர் (1610–1694) ஆட்சியாளருக்கே வைத்தியம் பார்த்து, பார்வையற்றவர்களுக்கு ஊசி மருத்துவமும் அன்மாவும் சொல்லித் தரும் பள்ளிகள் நடத்தினார். பார்வையற்ற ஆண்களுக்குத் 'தோதோசா' என்றொரு சங்கம் இருந்தது. ராத்திரி நேரத்தில் குழல் ஊதிக்கொண்டு தெருவில் போவார்கள், உடம்பு வலிக்கிறவர்கள் கூப்பிடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்துக்குள்ளும் ஏணி. உச்சியில் கெங்யோ, அடியில் ஜாதோ. (பெயரைக் கேட்டதும் நம் காதில் வேறொன்று விழுகிறது, தற்செயல்தான்.) பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். மேல்படியில் இருந்தவர்களுக்கு வட்டிக்கு விடுகிற உரிமையும் இருந்தது, கொழுத்த வட்டி. கீழ்ப்படியில் இருந்தவர் பனியில் குழல் ஊதினார். ஒடுக்கப்பட்டவர்களின் அமைப்பு என்பதாலேயே உள்ளே சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு நாம் ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1871இல் அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. ஏணியும் போனது, பாதுகாப்பும் போனது.

1964இல் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. பார்வையற்ற மசாஜ்காரர்களின் பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்படும் என்றால், பார்வையுள்ளவர்களுக்கான புதிய மசாஜ் படிப்புகளுக்கு அனுமதி மறுக்க அரசுக்கு அதிகாரம். புதிய படிப்பு தொடங்கக் கேட்டு மறுக்கப்பட்ட பள்ளி நிர்வாகம் வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

தென்கொரியாவில் கதை இன்னும் சூடானது. அங்கே மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும். 2006 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பிறர் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை அது பறிக்கிறதாம். பார்வையற்ற மசாஜ்காரர்கள் சியோல் நகரத்துப் பாலத்தில் ஏறி ஹான் ஆற்றில் குதித்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தையே திருத்தி, அந்த ஒதுக்கீட்டை மீண்டும் எழுதியது. 2008 அக்டோபர் 30ஆம் தேதி அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. மறுநாள், அக்டோபர் 31, தைவானின் அரசியல் சாசன நீதிபதிகள் இதேபோன்ற ஒதுக்கீடு செல்லாது என்றார்கள். மூன்று வருச அவகாசத்துக்குப் பின் அங்கே ஒதுக்கீடு முடிந்தது. கேள்வி ஒன்று, இடைவெளி ஒரு நாள், பதில் நேரெதிர். நீதி வானத்திலிருந்து இறங்குகிறது என்று நம்புகிற தோழர்கள் இந்த இரண்டு தேதிகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொரியாக் கதையைக் கேட்கும்போதே உங்களில் சிலருக்கு நம் கதை ஞாபகம் வந்திருக்கும். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கும் தனிமனித உரிமைதான் வாதம். தெருவில் கிளர்ச்சி எழுந்தது, அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. ஆற்றில் குதித்தவர்களும் நம் தாத்தாக்களும் ஒரே வாக்கியத்தைத்தான் எதிர்கொண்டார்கள்: 'எல்லோருக்கும் திறந்துவிட்டால் அதுதான் சமத்துவம்.'

ஆனால் இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். ஒரு கூட்டத்துக்கு ஒரு தொழில் என்றால் அதில் சாதி நாற்றம் அடிக்கும். கொரியாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் மசாஜ் பாடமாகவே இருக்கிறது. கணக்குப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கும், இசை படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கும் பெரியவர்கள் கை காட்டுகிற கதவு இதுதான். அந்தப் பிள்ளைக்கு இது உரிமையா, விலங்கா? என் வாசிப்பில் இரண்டும்தான். மற்றக் கதவுகளை மூடி வைத்துக்கொண்டு இந்த ஒரு கதவைத் திறந்துவிடுகிற சமூகம் தயாள குணத்தைக் கொண்டாடக் கூடாது. அதே சமயம், மற்றக் கதவுகள் திறக்கும் முன்னால் இதையும் பிடுங்குவது கொலை. அப்புறம், உரிமம் இல்லாமல் அதே வேலை செய்கிற பார்வையுள்ள ஏழையும் அங்கே இருக்கிறான், அவனைச் சட்டம் துரத்துகிறது. அவனையும் நான் மறக்கத் தயாரில்லை.

நம் பையனுக்கு ஒதுக்கீடும் இல்லை, சங்கமும் இல்லை. தில்லி அரசு 2021இல் ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மசாஜ் செய்யக் கூடாது என்று விதி போட்டது, உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இங்கே 2021 டிசம்பரில் ஒரு நீதிபதி ஸ்பாக்களில் கேமரா வைக்கச் சொன்னார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி அது தனியுரிமைக்கு எதிரானது என்றார். நான் பார்த்தவரை, அறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அங்கே வேலை செய்கிறவனின் கட்டை விரலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஆகவே தோழர்களே, இந்தத் தொழிலுக்குப் போகிற நம் பசங்க மூணு விஷயம் கேட்டு வாங்கணும்: சம்பளம் எழுத்தில், சான்றிதழ் சொந்தப் பெயரில், ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் இல்லை என்ற வரம்பு. சான்றிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்காதீங்க, நகல் மட்டும் கொடுங்க. உடற்கூறு படிங்க. எந்த நரம்பு எங்கே ஓடுதுன்னு தெரிஞ்சவன் பிசியோதெரபி பக்கமும் போகலாம், அதற்குப் பட்டப்படிப்பு இருக்கு, நமக்கு இடஒதுக்கீடும் இருக்கு. போக விருப்பமில்லையா, மேசையோடவே இருங்க, அதுவும் தொழில்தான். கடன் விண்ணப்பம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. எப்படி எழுதிக் கேட்பதுன்னு தெரியலைன்னா ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாங்க. படிவமும் பேனாவும் என்கிட்ட இருக்கு, மார்க் ஷீட்டும் ஆதாரும் மட்டும் எடுத்துட்டு வந்தாப் போதும்.