விளையாட்டு வகுப்பும் ஒரு பாடமே
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். டிபன் காத்திருக்கிறது, ஐந்திலேயே முடித்துவிடுகிறேன். அதிலும் இன்று நான் பேசப்போவது குழந்தைகளின் உடல் பருமனைப் பற்றி!

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணியில் தில்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, என் பிள்ளை தினமும் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவான். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் மட்டையைப் பரண்மேல் போட்டேன். "விளையாட்டாடா சாதம் போடப்போறது?" என்றேன். நன்றாகப் படித்தான், நல்ல வேலை கிடைத்தது. 38 வயதில் சர்க்கரை நோயும் வந்தது. பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 14 வயதில் உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

சென்ற வருஷம் பெங்களூரில் அவன் மகனைப் பரிசோதித்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். பேரனுக்கு வயது 11. விசாரித்தால், பள்ளியில் வாரத்துக்கு இரண்டே பி.டி. வகுப்பு, அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டுவிடுகிறாராம். பெற்றோர் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த நாளில் நானாக இருந்தால் அவருக்கு நன்றியே சொல்லியிருப்பேன்.

நான் பி.எஸ்ஸி. படித்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரிய சமோசா ஒன்றில் ஏறக்குறைய 250 கலோரி. 30 கிலோ எடையுள்ள பையன் ஒரு மணி நேரம் ஓடியாடினால் செலவாவது சுமார் 180. ஆகவே, "தின்னட்டும், ஓடிக் கரைத்துவிடுவான்" என்பது தப்புக்கணக்கு. சாப்பாட்டிலும் கட்டுப்பாடு வேண்டும்.

பின் விளையாட்டு எதற்கு? வேலை செய்யும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலின் உதவியில்லாமலே இழுத்துக்கொள்ளும். ஆடி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். இது எடை மெஷினில் தெரியாத லாபம்.

"எங்காத்துக் குழந்தை ஒல்லிதானே" என்றும் இருந்துவிட முடியாது. புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையிலும் தசையிலும் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலோ, வளரிளம் பருவத்தினரில் பத்தில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தார்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிஷம் உடல் உழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சி.பி.எஸ்.இ.யும் 2018-இல் 9 முதல் 12 வகுப்புகளுக்குத் தினம் ஒரு விளையாட்டு வகுப்பு என்று உத்தரவிட்டது. ஃபைலில் இருப்பதற்கும் மைதானத்தில் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தைக் குறைக்கப் பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட கையோடு, இந்த மாதம் எத்தனை பி.டி. வகுப்பு நடந்தது என்றும் கேளுங்கள். டீமில் இடம்பெறும் பதினோரு பேருக்கு மட்டுமல்ல, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பருமனான குழந்தைக்கும் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். அதற்குத்தான் அது அதிகம் தேவை. தாத்தா பாட்டிகளே, "இன்னும் ஒரு தோசை" என்று வற்புறுத்துவதை விட்டு, சாயங்காலம் பேரனை, பேத்தியைப் பார்க்குக்கு அழைத்துப் போங்கள்.

பெங்களூர் போகும்போதெல்லாம் இப்போது நானும் பேரனும் ஷட்டில் ஆடுகிறோம். பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கும். "தாத்தா, உட்காராதே!" என்கிறான். அவன் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.