கடதாசிக்குப் பயப்படுறத விடுவோம்

(சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை மடுவத்தில் கூடிய குடும்பக் கூட்டத்தில் பேசியது)



லீவு நாளில் உடுப்புத் துவைக்கணும், விறகு பொறுக்கணும், கடைக்குப் போகணும். அதையெல்லாம் விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால நீட்டிப் பேச மாட்டோம். தைரியத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மலையில தைரியம் காட்டுறதுக்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டைக் கடி, குளவிக் கொட்டு, சறுக்குப் பாதை, மழையில் முதுகுக் கூடையோட ஏத்தம் ஏறுறது, இதெல்லாம் தைரியம் இல்லாம நடக்கிற வேலையா?

ஆனா அதே ஆள் ஒரு கடதாசிக்கு முன்னால நின்னா கை நடுங்குது. ஆபீசில ஒரு போர்மை நீட்டினால், "எங்க கை வைக்கணுங்க ஐயா?" என்று கேட்டு வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்பதில்லை. சம்பளத் துண்டில் எதுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கேட்டா ஏசுவாங்களோ, சிரிப்பாங்களோ என்ற கூச்சம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான்.

இந்தப் பயம் நம்ம ரத்தத்தில் இருக்கு என்று சிலர் சொல்லுவார்கள். அது பொய். இதுக்குக் காரணம் இருக்கு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும் என்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று எழுதிய துண்டு கையில் இருக்கணும். கடன் தீராத ஆளுக்குப் போக வழியில்லை. எவ்வளவு கடன் என்று எழுதுகிறவர் வேறு ஆள். வாசிக்கத் தெரியாதவன் நம்ம ஆள். 1921இல்தான் அந்தத் துண்டுமுறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

பிறகு 1948 வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த அதே வருசம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்த லட்சக்கணக்கான பேரை நாடில்லாதவர்களாக ஆக்கியது. அடுத்த வருசம் இன்னொரு சட்டம் வந்து, இத்தனை வருசம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் யாரிடம் ஆதாரம்? ஆயிரமாயிரம் மனுக்கள் தள்ளுபடியாகின. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். 1988லும் 2003லும் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒரு மாதிரி முடிவுக்கு வந்தது.

இப்படி மூன்று தலைமுறையாக, கடதாசி என்று ஒன்று வந்தால் ஏதோ ஒன்றைப் பறிக்கத்தான் வருகிறது என்று கண்ட சனம் நாம். பயப்படாமல் என்ன செய்வோம்? அதனால் "ஏன் இப்படிப் பயந்து சாகிறீங்க" என்று யாராவது உங்களை ஏசினால், அவருக்கு இந்தக் கதை தெரியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனா பயத்துக்குக் காரணம் இருக்கு என்பது வேற, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துட்டுப் போறது வேற.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்க அம்மா பத்து வயசு தாண்டியதும் மலைக்குப் போனவர். 1998இல் வேலையை விட்டு நின்றார். சேமலாப நிதிக் காசுக்கு எழுதிப் போட்டோம். அந்தக் காசை நம்பி வீட்டில் எத்தனை கணக்கு! கடைக் கடன், தங்கச்சி கலியாணம், கூரைத் தகரம். ஆறு மாசம் போனது, பதில் இல்லை. காரியாலயத்துக்குப் போனால், "பேர் சரியில்லை, போய்ட்டு வாங்க" என்றார்கள். அம்மா "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டாந்தரம் போனோம். அதே பதில். அம்மா அதே "சரிங்க". கூடப் போன நாங்கள் ஏ.எல். வரை படித்தவர்கள். நாங்களாவது வாயைத் திறந்தோமா? இல்லை. எங்களுக்கும் அதே கூச்சம். வெளியே வந்து, பஸ் நிலையத்தில் நின்று, உள்ளே இருந்த ஆளைத் திட்டினோம். அதுக்கு மட்டும் தைரியம் இருந்தது.

விசயம் என்னவென்றால், அம்மாவுக்கு மூன்று பெயர். செக்ரோலில் எழுதியவர் காதில் விழுந்தபடி இங்கிலீசில் எழுதியிருக்கிறார். அதில் 'ஆயி' என்று முடிகிறது. அடையாள அட்டையில் 'அம்மா' என்று முடிகிறது. பிறப்புச் சான்றிதழில் இந்த இரண்டும் இல்லை, வேறொரு வால் இருக்கிறது. மூன்றும் ஒரே பொம்பிளை என்று எங்களுக்குத் தெரியும், முழு லயத்துக்கும் தெரியும். கடதாசிக்குத் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கும் இதே கதைதான் இருக்கும்.

மூன்றாந்தரம் போனபோது அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. கைப்பிடியில் இருந்த கடதாசிகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்தார். "ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிச்சு, என்ன குறையின்னு சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் போவேன்" என்றார். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. அந்த ஆள் ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "உங்களுக்கு ரெண்டே கடதாசிதான் தேவை. இந்த மூணு பேரும் ஒரே ஆள்னு சமாதான நீதவான் முன்னால ஒரு சத்தியக் கடதாசி. அதேமாதிரி தோட்டத்து ஆபீசிலேர்ந்து ஒரு கடிதம்" என்றார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு கடதாசிக்காக நாங்கள் இழந்தது கிட்டத்தட்ட இரண்டு வருசம். கடைக்காரனுக்கு வட்டி கட்டின காசைச் சொல்லி மாளாது. அந்தக் காரியாலயத்தில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கலாம். ஆனா நாங்களும் கேட்கவில்லையே. "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கு எங்களை விட எங்க அம்மாவுக்குத்தான் தைரியம் இருந்தது.

காசு வங்கிக்குத்தான் வரும் என்றதும் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. அதுக்கு முன்னால அம்மா ஒரு வேலை செய்தார். அண்ணன் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளிடம் தன் பேரை எழுதிக் காட்டச் சொன்னார். ஐந்து எழுத்து. அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதுவார், பிறகு ஈரத் துணியால் துடைப்பார். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல், பென்சிலைப் பிடித்தால் நழுவுது என்பார். கரிக்கட்டைதான் அவருக்குச் சரிவந்தது. ஒரு மாசத்துக்கு மேல் அந்தச் சுவர் கறுப்பாகவே இருந்தது.

வங்கியில் மைப் பெட்டியை எடுத்து நீட்டிவிட்டார்கள். அம்மா தலையாட்டி, பேனாவைக் கேட்டார். எழுதி முடிக்க எவ்வளவு நேரம் போனதோ, பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். மூன்றாவது எழுத்தில் சுழி தலைகீழாகப் போய்விட்டது. இருந்தாலும் எழுதி முடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மை படாத கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்குப் பிறகு இன்னொரு வேடிக்கை. கடைப் பலகை, பஸ் பலகை எதைப் பார்த்தாலும் தன் பேரில் உள்ள எழுத்தைத் தேடுவார். "இந்தா, என் எழுத்து ஒண்ணு இங்க இருக்கு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பார். காசு கிடைத்த அன்றைக்குக்கூட அம்மா அப்படிச் சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் காசு கடனுக்கும் கலியாணத்துக்கும் போய்விட்டது. எழுத்து அவரோடு கடைசிவரை இருந்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பேசுவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தைரியம் என்று பேசிப் பயனில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் பிடிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காகப் பன்னிரண்டு ரூபாய் போடணும். ஆக இருபது. இது போக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய், அது முழுக்கத் தோட்டத்தின் பங்கு. உங்களிடம் பிடிக்கக்கூடாது. சேமலாப நிதியைப் பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் எடுக்கலாம்.

நம்ம ஆட்கள் 'சர்வீஸ் காசு' என்று சொல்வது வேறு. அது 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது. ஐந்து வருசமாவது வேலை செய்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால் முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் பதினான்கு நாள் சம்பளம். முப்பது வருசம் மலை ஏறின அக்காவுக்கு 420 நாள் சம்பளம் வருது. இதைக் கையில் வாங்கும்போது, எத்தனை வருசம் போட்டிருக்காங்க, எந்தச் சம்பளத்தில் போட்டிருக்காங்க என்று ஒரு வார்த்தை கேட்டால் அது மரியாதைக் குறைவு இல்லை.

இந்த இடத்தில் ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை. 1984இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று வந்தது. அதுவரைக்கும் ஒரே வெயிலில் ஒரே மலையில் நின்ற பொம்பிளைக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். சம்பளம் சமமாகி இத்தனை வருசமாகியும், சில வீடுகளில் அந்தக் காசு அவள் கையில் நிற்கிறதில்லை. அவளுடைய வங்கிப் புத்தகம் வேற ஒருத்தர் சட்டைப் பையில் இருக்கு. சம்பள நாளில் தவறணைப் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்கு வருகிற ஆளைக் கூட்டாளிமார் கேலி பண்ணுவாங்க. அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு வருகிறாரே, அவரும் தைரியசாலிதான். அவரைப் பற்றி யாரும் பாட்டுக் கட்ட மாட்டாங்க, நாங்களாவது சொல்லி வைக்கிறோம்.

பாட்டு என்றதும் ஞாபகம் வருது. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத்துச் சனத்துக்காகச் சங்கம் கட்டி வேலை செய்தபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். வாசிக்கத் தெரியாத சனத்துக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன பயன்? பாட்டாகச் சொன்னால் லயம் முழுக்கப் போய்ச் சேரும். துரை எதிரில் வந்தால் தலைத்துண்டை இறக்கி, பாதையை விட்டு ஒதுங்கி நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பொம்பிளை கூட்டத்தில் எழும்பி நின்று பாடினார் என்றால் யோசித்துப் பாருங்கள். அவர் பாட்டைக் கேட்ட கிழவிகள் சிலரை நாங்கள் சின்ன வயசில் தேடினோம், கிடைக்கவில்லை. பிந்திவிட்டோம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. சாதாரணதரத்தில் கணக்குப் போய்விட்டது என்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற தம்பிமார் இந்த டிவிசனிலேயே இருக்கிறார்கள். திரும்பவும் எழுதலாம், அதற்கு இடம் இருக்கு. சின்னப் பிள்ளைகளோட உட்கார வெட்கம் என்றால், எங்க அம்மாவுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான் டீச்சர் என்பதை நினைச்சுக்கோங்க.

சரி, மழை இருட்டிக்கொண்டு வருது. பேச்சை விட்டுட்டு வேலையைப் பார்ப்போம். அந்தப் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசிச் சம்பளத் துண்டு, மூன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்கா என்று பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் இன்றைக்கே எழுதி எடுப்போம், வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது லேசு. சேமலாப நிதி இலக்கம் தெரியாதவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளர் என்று யார் பேரைக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். சில பேர் கலியாணத்துக்கு முன்னால் கொடுத்த பேரே இன்னும் இருக்கு. கொண்டு வராதவர்கள் லயத்துக்குப் போய் எடுத்து வாங்க, நாங்கள் இருட்டும்வரை இங்கேதான் இருப்போம்.

பேர் எழுதிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்குக் கொப்பியும் பென்சிலும் மடுவத்து அக்காவிடம் இருக்கு. பென்சில் நழுவுது என்றால் சொல்லுங்கள், அடுப்பிலிருந்து கரிக்கட்டை எடுத்துத் தரலாம். பிளேன்டீ கொதிக்குது, குடிச்சிட்டு வரிசைக்கு வாங்க.