ஆறுதலுக்கு வேண்டிய காலம்

ஹட்டனை அடுத்த ஒரு தேயிலை மலையில், அடுத்தடுத்த நிரைகளில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்களை மனக்கண் முன் கொண்டுவரலாம். கவ்வாத்து வெட்டிய செடியின் கூரிய அடிக்கிளை இருவருடைய காலையும் கீறிவிடுகிறது. ஒருத்தி கீறலைக் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போகிறாள். பத்தாம் நாள் அங்கே மெல்லிய கோடு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. மற்றவளுக்கோ கீறிய இடம் மீன்வாயைப் போலத் திறந்துகொள்கிறது. வைத்தியசாலையில் தையல் போடுகிறார்கள். தையலைப் பிரித்த சில நாட்களில் புண்ணும் பிரிந்துவிடுகிறது. ஒரு மாதம் கழிந்தும் கட்டு அவிழ்ந்தபாடில்லை.

லயத்தில் பேச்சு எழுகிறது. “சீனி வருத்தமாயிருக்கும்” என்கிறார் ஒருவர். பரிசோதித்தால் சீனி இல்லை. “செய்வினையாயிருக்கும்” என்கிறார் இன்னொருவர். “வேலைக்குக் கள்ளம், புண்ணைக் கிளறிக் கிளறி வைத்திருக்கிறாள்” என்று மூன்றாமவர் தீர்ப்பே கூறிவிடுகிறார். உடம்பிலுள்ள புண்ணைவிட இந்தத் தீர்ப்பே அவளை அதிகம் வருத்துகிறது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லையே!

இப்படிப்பட்டவர்களுள் சிலரிடம் குற்றம் எதுவும் இல்லை. அவர்கள் பிறந்தபோதே உடலின் நெசவில் ஒரு நூல் வலுவிழந்து அமைந்துவிட்டது. அந்த நூலைப் பற்றி அறிந்துகொண்டால் புண்ணைப் பேணும் வழியும் தெரியும். பழிச்சொல்லும் தானே அடங்கும்.

உடலின் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது தொடுப்பிழையம். தோலுக்கு உறுதி, மூட்டுக்குக் கட்டு, குருதிக் குழாய்க்குச் சுவர் ஆகிய அனைத்தும் அதனால் அமைபவை. அதன் முதன்மையான பொருள் கொலாஜன் என்னும் புரதம். மனித உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இதுவே. இதன் அமைப்பு நெடுங்காலம் விளங்காப் புதிராகவே இருந்தது. 1954 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகளாலான முறுக்கு என்பதை எடுத்துக்காட்டினர். மறு ஆண்டில் அம்மாதிரியைத் திருத்தி மேலும் செம்மைப்படுத்தினர்.

மூன்று இழை முறுக்கு என்பது மலைநாட்டவருக்குப் புதிய செய்தியன்று. கொழுந்துக் கூடையைத் தலையில் தாங்கும் கயிற்றை நினைத்தாற் போதும். அதில் ஒரு புரி நைந்திருந்தாலும் பார்வைக்குக் கயிறு முழுமையாகவே தோன்றும். வெறுங்கூடையைத் தாங்கவும் செய்யும். நிறைகூடையை ஏற்றி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால்தான் அதன் நிலை வெளிப்படும். கொலாஜன் குறையுள்ள உடலும் அத்தகையதே. வெளித்தோற்றத்தில் நோயாளி என்று எவரும் சொல்லமாட்டார்கள். காயம் பட்டபோதே குறை தெரியவரும்.

கோப்பன்ஹேகன் நகரத் தோல்நோய் மருத்துவர் எட்வர்ட் எலர்ஸ் 1901 ஆம் ஆண்டிலும், பாரிஸ் நகர மருத்துவர் டன்லோஸ் 1908 ஆம் ஆண்டிலும் இத்தகைய நோயாளரைப் பற்றி விவரித்தனர். ஆகவே இது எலர்ஸ்-டன்லோஸ் நோய்த்தொகுதி எனப் பெயர்பெற்றது. 2017 ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாடு இதனைப் 13 வகைகளாகப் பிரிக்கிறது. எல்லா வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. புண் ஆறாமைக்குப் பெயர்போனது ‘செவ்வியல்’ வகை. ஐந்தாம் இனக் கொலாஜனை ஆக்கும் பரம்பரையலகில் நேரும் பிழையே பெரும்பாலும் இதற்குக் காரணம். பெற்றோருள் ஒருவருக்கு இது இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் ஒருவரிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

இதன் அடையாளங்கள் சில. தோல் வெல்வெட்டுத் துணிபோல் மென்மையாயிருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். சிறு இடிக்கும் கன்றிப்போகும். நெற்றியிலும் முழங்காலிலும் முன்காலிலும் அகன்ற, மெல்லிய, சுருங்கிய காகிதத்தைப் போன்ற தழும்புகள் காணப்படும். பெருவிரலை வளைத்தால் முன்கையைத் தொடும். சுண்டுவிரல் பின்புறமாகச் செங்குத்துக்கு மேல் வளையும். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்க முடியும். இவற்றுள் ஒன்றிருப்பதால் மட்டும் நோய் என்று கொள்ளலாகாது. பல ஒருங்கே இருந்து, புண்களும் ஆறத் தாமதித்தால், வைத்தியரிடம் அதனை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி, புண் ஆறும் முறையைப் பார்க்கலாம். தமிழில் சூடும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. மூன்றுக்கும் ஒரே சொல். மூன்றுக்கும் பொதுவாக வேண்டுவது காலம். காயம் பட்டவுடன் குருதி உறைகிறது. அடுத்து, அழுக்கை அகற்றும் அணுக்கள் வந்து சேர்கின்றன. பின்னர் புதிய கொலாஜன் இழைகள் போடப்படுகின்றன. முதலில் போடப்படுவது அவசர வேலை. அதனை நீக்கி உறுதியான இழைகளை இடும் பணி ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். நல்ல உடல்நிலையுள்ளவருக்கும் மூன்று வாரத்தில் புண்ணிடம் பெறும் வலு, பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே. மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டலாம். முழு வலு ஒருபோதும் திரும்புவதில்லை. நூலே வலுவற்றதாயின் இக்கணக்கு மேலும் நீளும் அன்றோ?

ஆறிய தழும்பும் ஓயாத வேலையால் காக்கப்படுவதே என்பதற்கு வரலாற்றில் வியப்பான சான்று உண்டு. 1740 ஆம் ஆண்டில் புறப்பட்ட ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் உலகச் சுற்றுக் கப்பற்பயணத்தில், பழமும் காய்கறியும் இல்லாமையால் மாலுமிகளை ஸ்கர்வி நோய் வாட்டியது. அவர்களுள் ஒருவர் 1690 ஆம் ஆண்டின் பாயின் போரில் காயமுற்றவர். 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிய அவருடைய காயங்கள் மீண்டும் திறந்துகொண்டன என்று அப்பயண நூல் கூறுகிறது. கொலாஜனை முறுக்கேற்ற விற்றமின் ‘சீ’ வேண்டும். அது இல்லாதபோது பழைய தழும்பும் தளர்ந்துவிட்டது என்பதே இன்றைய விளக்கம்.

பரம்பரைக் குறையை விற்றமினால் திருத்திவிட முடியாது. எனினும் உள்ள குறையோடு உணவுக் குறையும் சேரவிடலாகாது. கொய்யா, நெல்லி, தோடம்பழம், பச்சைக் கீரை ஆகியவை விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. கீரையை நெடுநேரம் வேகவைத்தால் விற்றமின் ‘சீ’ குறைந்துபோகும். பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி ஆகியவை இழை நெய்யப் புரதம் தருவன. தோட்டங்களில் ரொட்டியோடு சாயத் தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. சாப்பாட்டுடன் சேரும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. சோகை புண்ணுக்குப் பகை. ஆதலால் தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தி அருந்துவது நன்று.

காயம் பட்டால் முதற் செயல், சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தல். நின்றதா என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பது கூடாது. அதன்பின் கொதித்தாறிய நீரால் கழுவ வேண்டும். கோப்பித்தூள், தேயிலைத்தூள், சாம்பல், சாணம் ஆகியவற்றை அப்புவது கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்பதை வைத்தியசாலையில் கேட்டறிய வேண்டும்.

புண்ணைக் காற்றில் உலரவிட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1962 ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர், மூடி ஈரம் காத்த புண் உலரவிட்ட புண்ணைவிட விரைவில் தோல் மூடுவதைக் காட்டினார். ஆகவே ஒட்டாத மெழுகுத் துணிக் கட்டு ஏற்றது. ஆனால் மலையில் மழை நனைத்த கட்டு வேறு; அதனை உடனே மாற்ற வேண்டும். ஒட்டுப் பட்டையைச் சடாரென்று உரித்தால் தோலும் உடன் வரும். நீரால் நனைத்து மெல்லத் தளர்த்துவதே முறை.

தையல் போடும்போது நோயாளி வாய்திறந்து தம் நிலையைச் சொல்ல வேண்டும். இழுவிசை இல்லாதவாறு, உள்ளும் புறமும் இரண்டு அடுக்காகத் தைப்பதும், மேல்தையலை வழக்கத்தைப் போல் இருமடங்கு காலம் விட்டு வைப்பதும், அருகே ஒட்டுப் பட்டையால் தாங்கல் கொடுப்பதும் மருத்துவர்கள் கூறும் வழி. உணர்ச்சி மறக்கச் செய்யும் ஊசி சிலருக்குக் குறைவாகவே வேலை செய்யும். வலித்தால் அதனையும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கிளினிக் கொப்பியில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் கதை சொல்லும் தொல்லை மிச்சமாகும்.

காயம் வராமற் காப்பது இவை எல்லாவற்றிலும் மேலானது. முழங்கால்வரை நீண்ட தடித்த காலுறையும் பாதணியும் கிளைக்கும் அட்டைக்கும் ஒருசேரக் காவல். அட்டையின் உமிழ்நீர் குருதி உறைவதைத் தடுப்பது. அதனைப் பிடுங்கி எறிந்தால் மெல்லிய தோல் கிழியும். நகத்தை வாயருகே நுழைத்து மெல்ல நெம்பிவிட வேண்டும். கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் மடித்த துணி வேண்டும். குழந்தைகளுக்கு முழங்காலில் பஞ்சு வைத்த காப்பு உதவும்.

புண் ஆறாமைக்கு இது ஒன்றே காரணம் அன்று. நீரிழிவு, தொழுநோய், இரத்த ஓட்டக் குறை, புகைபிடித்தல் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். பிற்காலத்தில் வரும் தொடுப்பிழைய நோய்களும் உள. தோல் இறுகும் நோயுடையார்க்கு நுவரெலியாவின் குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகி, நுனியில் புண் தோன்றலாம்; கையுறையும் வெதுவெதுப்பும் அவர்களுக்கு மருந்தில் பாதி. இத்தகைய நோய்களுக்குத் தரப்படும் ஸ்டீரொயிட் மருந்து புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆயினும் வைத்தியரைக் கேளாமல் அதனை நிறுத்துவது பேராபத்து. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலும், சீழும் காய்ச்சலும் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எலர்ஸ்-டன்லோஸ் வகைகளுள் ஒன்று குருதிக் குழாய்களையே தாக்குவது. அவ்வகையினருக்குத் திடீரெனக் கடுமையான நெஞ்சுவலியோ வயிற்றுவலியோ வந்தால் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது.

மலைநாட்டில் இன்று போய்ச் சேரும் இடங்களும் உள்ளன. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. இந்திய உதவியால் 150 கட்டில்களோடு அமைந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017 ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. அங்கிருந்து தோல்நோய் நிபுணரிடமும், வேண்டுமாயின் மேலும் உயர் ஆய்வுக்கும் அனுப்புமாறு கேட்கலாம். வேலையின்போது பட்ட காயத்தை அன்றே தோட்டத்துப் பதிவில் எழுதச் செய்தலும் அவசியம். தொழிலாளருக்கான நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் 1934 ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது.

பாடசாலையிலும் கவனம் வேண்டும். கன்றிய கையும் தழும்பேறிய முழங்காலும் உடைய பிள்ளையைக் கண்டு, ‘குறும்புக்காரன்’ என்று ஆசிரியர் நினைக்கலாம். ‘வீட்டில் அடிக்கிறார்கள்’ என்று அயலார் நினைக்கலாம். இரண்டும் பிழையாக இருக்கலாம். கேட்டறியாமல் முடிவுகட்டுவது தகாது. அப்பிள்ளையை விளையாட்டிலிருந்து முற்றாக விலக்குவதும் தகாது. மோதல் குறைந்த ஆட்டமும் ஒரு சோடி முழங்கால் காப்பும் போதுமானவை.

முதலிற் கண்ட அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்கு வேண்டுவது அதிசய மருந்து அன்று. முறையான தையல், ஒட்டாத கட்டு, நல்ல உணவு, சில வார ஓய்வு. ஓய்வு முடிந்ததும் செங்குத்தான மலைக்கு அனுப்பாமல் சமதரையில் தரப்படும் ஒரு வேலை. இவற்றோடு, “உன் உடம்புக்கு இவ்வளவு நாள் வேண்டும்” என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சொல். மற்றவர் புண் பத்து நாளில் ஆறியது என்பதற்காக அவள் புண்ணும் பத்து நாளில் ஆறவேண்டும் என்ற கட்டளையை எந்தத் துரையும் இட முடியாது. எந்தக் கங்காணியும் நிறைவேற்ற முடியாது. காலத்தைக் கொடுத்தால் புண் ஆறும். அக்காலத்தை முணுமுணுக்காமல் கொடுப்பதே அவளுக்கு நாம் செய்யக்கூடிய ஆறுதல்.