சாவி கொடுத்தால் பாடும் பெட்டிகள்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மெஷின் பற்றிப் பேசுங்க சார், ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி யாரும் தூங்கக் கூடாது" என்று செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் ஒன்று உண்டு: பழைய இயந்திர இசைக்கருவிகள். அதையே பேசிவிடுகிறேன்.

நான் கிராமபோனைச் சொல்லவில்லை. கிராமபோன் தட்டு, பாடியவரின் சத்தத்தையே பிடித்து வைக்கிறது. நான் சொல்லும் கருவிகளில் சத்தம் கிடையாது. எந்த ஸ்வரம், எந்த நேரத்தில் என்ற உத்தரவு மட்டும்தான், முள்ளாகவோ துளையாகவோ இருக்கும். சத்தம் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சண்டைக்கு இதுதான் காரணம்.

மியூசிக் பாக்ஸிலிருந்து ஆரம்பிப்போம். 1796-இல் ஜெனீவாவில் அன்டுவான் ஃபாவ்ரே என்ற கடிகாரக்காரர், அதுவரை மணிகளைத் தட்டி இசை எழுப்பிய இடத்தில், சுருதி சேர்த்த எஃகுப் பற்களை வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் பார்க்கும் வடிவம். ஒரு பித்தளை உருளை, அதன்மேல் ஆயிரக்கணக்கில் மெல்லிய முட்கள், எதிரே எஃகுச் சீப்பு. உருளை சுற்றும்போது முள் பல்லை மீட்டிவிட்டுப் போகும். அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் உள்ளே பார்த்தால் அசந்துபோவீர்கள். கீழ் ஸ்தாயிப் பற்கள் மெதுவாக அதிர வேண்டும் என்பதற்காக அடியில் ஈயக் கட்டி ஒட்டியிருப்பார்கள். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லின்மேல் அடுத்த முள் பட்டால் 'கிர்' என்று இரையும். அதனால் மீட்டும் முன்பு பல்லை அமைதிப்படுத்த, அடியில் தலைமுடி மாதிரி ஒரு எஃகுக் கம்பி. முட்கள் ஆடாமலிருக்க உருளைக்குள் ஒருவகைப் பிசினை உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஒரே உருளையில் ஆறு பாட்டு, எட்டுப் பாட்டு எப்படி? ஒரு பாட்டின் முட்களுக்கு இடையே மற்றப் பாட்டுகளின் முட்கள் இருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் உருளை முடியளவு பக்கவாட்டில் நகரும். அடுத்த பாட்டு வந்துவிடும்.

இனி வேகம். நம்ம தியரி ஆஃப் மெஷின்ஸ் வகுப்பில் வாட் கவர்னருக்குப் படம் போட்டுக் கை வலித்தது நினைவிருக்கும். இங்கே கவர்னர், ஒரு சின்ன விசிறி. ஸ்பிரிங்கின் விசை பல்சக்கரங்கள் வழியாக வந்து கடைசியில் அந்த விசிறியைச் சுழற்றுகிறது. வேகம் கூடினால் காற்றின் தடை அதைவிடப் பல மடங்கு கூடுகிறது, விசிறி அடங்குகிறது. ஸ்பிரிங் சுற்றியிருக்கும்போது இந்த விசிறியைக் கழற்றினால் போச்சு! பத்து நிமிஷம் ஓட வேண்டிய விசை சில நொடியில் அவிழ்ந்துவிடும். முட்கள் மடங்கி, பற்கள் ஒடிந்து தெறிக்கும். ஆர்வலர்கள் இதற்கு 'ரன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூவைத் தொடுமுன்பும் ஸ்பிரிங்கை முழுக்க இறக்கிவிடு என்பதுதான் அவர்களுடைய முதல் பாடம்.

1880-களின் கடைசியில் லைப்ஸிக் நகரத்தார் உருளைக்குப் பதில் உலோகத் தட்டைக் கொண்டுவந்தார்கள். தட்டை மாற்றினால் பாட்டு மாறும், விலையும் குறைவு. உருளைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்த பெரிய அடி, துளை போட்ட அட்டை. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இல்லாவிட்டால் நிற்கும். பாரிஸில் கவியோலி கம்பெனி 1892-இல் மடிப்பு அட்டையால் தெரு ஆர்கனை வாசிக்க வைத்தது. அமெரிக்காவில் 1895-இல் எட்வின் வோட்டி 'பியானோலா'வைச் செய்தார். இதில் அட்டைக்குப் பதில் நீளமான காகிதச் சுருள்.

பியானோலா காற்றை ஊதி வாசிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உறிஞ்சி வாசிக்கிறது. காலால் மிதித்தால் உள்ளே காற்று குறையும். காகிதத்தில் துளை வந்ததும் வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே புகுந்து, தோல் பையை உப்ப வைத்து, வால்வைத் தூக்கும். உடனே ஒரு சின்னத் துருத்தி சுருங்கிக் கட்டையை அழுத்தும். இப்படி 88 கட்டைக்கு 88 துருத்தி. ஆளில்லாமல் கட்டைகள் தானாக அமுங்குவதைப் பார்த்தால் பேய் வாசிக்கிற மாதிரியே இருக்கும்!

(இங்கே உள்ள வக்கீல் நண்பர்களுக்கு ஒரு துணுக்கு: மனுஷன் படிக்க முடியாத இந்தச் சுருள் பாட்டின் நகல் ஆகாது என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷமே சட்டத்தை மாற்றி, சுருளுக்கு இரண்டு சென்ட் ராயல்டி என்று வைத்தார்கள்.)

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்ட்டே கம்பெனி 1904-இல் 'வெல்ட்டே-மின்யோன்' கொண்டுவந்தது. பெரிய வித்வான் வாசிக்கும்போது எந்தக் கட்டை, எப்போது என்பதோடு, எவ்வளவு அழுத்தம் என்பதையும் சுருளில் ஏற்றியது. 1905 நவம்பரில் குஸ்தாவ் மாஹ்லர் அதில் தம்முடைய இசையிலிருந்து நான்கு பகுதிகளை வாசித்தார். 1911-இல் காலமாகிவிட்டார். கிராமபோன் தட்டில் அவர் வாசிப்பு எதுவும் இல்லை. அவர் கையென்று நமக்கு மிஞ்சியது காகிதத் துளைகள்தான்.

அதை வாசிக்க வைத்தால் கேட்பது மாஹ்லரா, ரிப்பேர்காரரா? கிராமபோன் தட்டை வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறிவிடும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். சுருளில் அப்படி இல்லை. சுருதி பியானோவின் தந்தியிலிருந்து வருகிறது. சுருள் வேகமாக ஓடினால் காலப்பிரமாணம் மட்டும்தான் மாறும், சுருதி அப்படியே நிற்கும். தப்பு நடந்ததே காதுக்குத் தெரியாது. போதாததற்கு, காகிதம் சுற்றச் சுற்ற வாங்கும் உருளை பருத்துக்கொண்டே போகிறது. காகிதத்தின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. தோல் பை இறுகியிருந்தால் மெல்லிய ஸ்வரம் விழாது. அழகான இடம் மொட்டையாகிவிடும். மாஹ்லர் அப்படித்தான் வாசித்தார் போல என்று எழுதிவிடுவார்கள்.

அதனால் ஆர்வலர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, பழைய தோல், ரப்பர் எல்லாவற்றையும் மாற்று, வாசிக்காத கருவி வெறும் மேஜைதான் என்கிறது. மற்றது, கை வைக்காதே, ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தக் காலத்து அளவே தொலைந்துபோகும் என்கிறது. அமெரிக்காவில் 1949-இல் தொடங்கிய மியூசிக்கல் பாக்ஸ் சங்கத்தைப் போன்ற அமைப்புகளில் இந்த வாதம் ஓய்வதில்லை. நான் முதல் கட்சி. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் ஒரு பழைய தேவாலயத்தில் ஸ்பீல்க்ளாக் மியூசியம் இருக்கிறது. அங்கே கருவிகளை வாசிக்க வைத்தே காட்டுகிறார்கள். அது சரியென்றே எனக்குப் படுகிறது. தோல் எப்படியும் நைந்துபோகும் பொருள், அதைக் கும்பிட்டு என்ன செய்ய? ஆனால் கழற்றிய தோலை உறையில் போட்டு, தடிமன் எவ்வளவு என்று அளந்து எழுதி, கருவிக்குள்ளேயே வைக்க வேண்டும். நாளைக்கு வேறொருவர் வந்து, 'இவன் வேகத்தைக் கூட்டிவிட்டான்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும், இல்லையா?

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார். 72 பல் வைத்த ஸ்விஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், மெக்கானிக்கல் லேபில் மேஜைமேல் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து கேளுங்கள். இங்கே ஃபிட்டிங் செக்ஷனில் பேர் வாங்கிய கைகள் நிறைய இருப்பது எனக்குத் தெரியும். விசிறிப் பக்கம் மட்டும் யாரும் ஸ்க்ரூ டிரைவரை நீட்டிவிடாதீர்கள். ஸ்பிரிங்கை முழுக்கச் சுற்றி வைத்திருக்கிறேன்.