‘போதும்’ என்ற சொல்லுக்கு மரியாதை
(இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் உண்ணும் முறை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தம்பதியருக்கான குடும்ப நல உரை)

 

விருந்தாளியின் இலை காலியாக இருந்தால் நம் பக்கத்துப் பெண்களுக்குக் கை சும்மா இராது. அவர் "போதும்மா" என்பார். இவர் "என்னத்தச் சாப்பிட்டீங்க, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்க" என்று ஊற்றுவார். இது நம் மண்ணின் நல்ல வழக்கம். ஆனால் ‘போதும்’ என்ற சொல் காதில் விழுந்த மறுகணமே கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டிய வீடுகளும் உண்டு. எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கும் வீடுகள்தான் அவை.

"இதெல்லாம் பட்டணத்துச் சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 31, ஆண்கள் 28 என்றுதான் இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் மருந்தும்தான் வழி. எடை மிக அதிகமாகி, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மூட்டுத் தேய்வு ஆகியவை சேர்ந்துகொண்ட சிலருக்கு மட்டுமே டாக்டர்கள் அறுவை சிகிச்சையை யோசனை சொல்கிறார்கள். அழகுக்காகச் செய்வதல்ல இது.

மதுரை, கோவை, சென்னை போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சை நடக்கும். டாக்டர் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின் சாப்பிடக் கற்றுக்கொள்ளும் வேலை நம் வீட்டு அடுப்படியில்தான் நடக்க வேண்டும். அது கணவன், மனைவி இருவருக்குமான பாடம்.

இரைப்பையில் என்ன மாறுகிறது?

இரைப்பை விரிந்து சுருங்கும் ஒரு பை. நன்றாகச் சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு படி கொள்ளும். ‘ஸ்லீவ்’ என்ற முறையில் அதன் முக்கால் பாகத்தை, சிலருக்கு அதற்குச் சற்று மேலும், நீக்கிவிட்டு மிச்சத்தை வாழைக்காய் போன்ற குழலாக விடுகிறார்கள். அதில் ஓர் ஆழாக்குகூடப் பிடிக்காது. ‘பைபாஸ்’ என்ற முறையில் மேற்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு நேரே இணைக்கிறார்கள். அந்தப் பை சுமார் 30 மில்லி, அதாவது இருமல் மருந்து ஊற்றும் பத்து மில்லி மூடியில் மூன்று மூடிதான் கொள்ளும்.

இது நேற்று முளைத்த வைத்தியம் அல்ல. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்ற டாக்டர், 1966இல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பைபாஸ் முறையைத் தொடங்கினார்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ‘கிரெலின்’ என்பது பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டறிந்தார்கள். இது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் ஊறுகிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே நீக்கப்படுவதால் முதல் சில மாதங்களுக்குப் பசியே சரியாகத் தெரியாது. பிறகு பலருக்கும் பசி மெல்லத் திரும்பும். "ஆபரேஷன் கெட்டுப்போச்சோ?" என்று அப்போது பதற வேண்டாம். பசி அடங்கியிருக்கும் அந்த மாதங்களில் நல்ல பழக்கத்தை ஊன்றிக்கொண்டவருக்குப் பின்னால் சிரமம் குறைவு. அந்தக் காலத்தை வீணடித்தவருக்கு எடை மறுபடி ஏறக்கூடும்.

வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்?

முன்பெல்லாம் வயிறு முட்டி, ஏப்பம் வந்து, இடுப்பு வேட்டியைத் தளர்த்தும்போதுதான் நிறைந்ததாக நினைப்போம். இனி அந்த அடையாளம் உதவாது. இப்போது நெஞ்செலும்பு முடியும் இடத்தில், நடு மார்புக்குக் கீழே, லேசாக ஓர் அழுத்தம் தோன்றும். சிலருக்கு ஒரு விக்கல் வரும். சிலருக்கு மூக்கில் நீர் வடியும், தும்மல் வரும், பெருமூச்சு வரும். யாருக்கு எந்த அடையாளம் என்பதை அவரவர்தான் கண்டுகொள்ள வேண்டும். அந்த அடையாளம் வந்தபின் எடுக்கும் ஒரே ஒரு கவளம்கூட வலியாகவும் வாந்தியாகவும் முடியும்.

நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே அவசரம் கூடாது. சுண்டுவிரல் நகம் அளவு கவளம் எடுத்து, இருபது முப்பது தடவை மென்று, கூழானபின் விழுங்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிஷம் ஆகட்டும். மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள் மணி அடிப்பதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவது வழக்கம். அவர்கள் இடைவேளையில் பாதி, ஷிப்டு முடிந்து பாதி என்று பிரித்துக்கொள்வது நல்லது. டி.வி., செல்போன் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அடையாளம் வந்ததே தெரியாது.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முடித்து அரை மணி கழித்தே குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் மடக்கு மடக்காக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை உள்ளே போயாக வேண்டும். நம் ஊர் வெயிலில் இதை மறந்தால் மயக்கமும் நீர்க்கடுப்பும் நிச்சயம். ஒரே மூச்சில் சொம்பைக் கவிழ்க்கும் பழக்கத்தை விட்டு, பாட்டிலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சோடா, கலர் வேண்டாம்.

படிப்படியாக ஏறுங்கள்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் ஆகாரம். பின் சுமார் இரண்டு வாரம் மோர், பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர் போன்றவை. அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு: பாசிப்பருப்பு, மசித்த முட்டை, தயிர். அதற்கப்புறம் இட்லி, முள் நீக்கிய வேக வைத்த மீன் போன்ற மெத்தென்ற உணவு. ஆறு முதல் எட்டு வாரம் ஆனபின்தான் வழக்கமான சாப்பாடு. இது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணையே உங்களுக்குச் சட்டம். அது ஆங்கிலத்தில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஒரு வாய் பிரியாணி என்ன செஞ்சிரும்?" என்று இரண்டாம் வாரத்தில் ஊட்டிவிடுவது பாசம் ஆகாது. தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை.

எதை முதலில் சாப்பிடுவது?

சோற்றைக் குவித்து அதில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிப் பழகியவர்கள் நாம். இனி வரிசையை மாற்ற வேண்டும். புரதச் சத்து முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில், இடமிருந்தால் மட்டும். புரதம் குறைந்தால் எடையோடு சதையும் கரையும், முடி அதிகம் கொட்டும், சோர்வு தட்டும்.

ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதமாவது வேண்டும். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தபின் இதற்கு ஒரு கணக்கு: பால் 400 மில்லியில் 12 கிராம், முட்டை இரண்டில் 12, மீன் 100 கிராமில் 18, பாசிப்பயறு 30 கிராமில் 7, தயிர் 200 மில்லியில் 6, பொட்டுக்கடலை மாவு 30 கிராமில் 6. மொத்தம் 61. ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்தால் முடியாத காரியம் அல்ல. புரட்டாசியில் கவிச்சி தொடாதவர்கள் பயறு, சோயா, பால், தயிரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் பட்டினி விரதம் இருக்க விரும்பினால் டாக்டரைக் கேளாமல் இருக்க வேண்டாம்.

டாக்டர் எழுதிய பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினால் இரத்தச் சோகையும் நரம்புக் கோளாறும் ஓசையில்லாமல் வந்து சேரும்.

வழுக்கி இறங்கும் பண்டங்கள்

ஒரு முட்டையைத் தின்றால் வயிறு நிறைகிறது. அரைப்படி சேவு தின்றாலும் நிறைவதில்லை. ஏன்? சேவு, முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் கரைந்து, வயிற்றில் தங்காமல் வழுக்கி இறங்கிவிடுகின்றன. ‘போதும்’ என்ற அடையாளம் வருவதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தபடியே இருப்பவருக்கு இத்தனை சிறிய இரைப்பையை வைத்துக்கொண்டும் எடை ஏறும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பைபாஸ் செய்துகொண்டவர் அதைச் சாப்பிட்டால், பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றி, வயிற்றால் போகலாம். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் வரும் தொல்லை இது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை குறைந்து கை நடுங்குவதும் உண்டு. ஆடிப்பூரத் தேருக்கு வரும் உறவுக்காரர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினால், "பிள்ளைகளுக்குக் கொடுங்க அத்தை" என்று கைகூப்பிவிடுங்கள்.

சாராய விஷயமும் இப்படித்தான். அறுவைக்குப் பின் போதை வேகமாக ஏறும். சோற்றில் கிடைத்த திருப்தியைப் பாட்டிலில் தேடி அடிமையானவர்களும் உண்டு. பீடி, சிகரெட், டாக்டர் எழுதாத வலி மாத்திரை மூன்றும் இரைப்பையில் புண் உண்டாக்கும்.

பரிமாறுகிறவர் கடமை

நம் வீடுகளில் பெண்தான் கடைசியில் சாப்பிடுகிறாள். பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் ‘வீணாகக் கூடாது’ என்று அவளே தின்கிறாள். அறுவை செய்துகொண்டவர் மனைவியானால் இந்த வழக்கம் நிற்க வேண்டும். ஐயாமார்களே, அவர் முதலில், நேரத்துக்கு, உட்கார்ந்து சாப்பிட நீங்கள் இடம் செய்து கொடுங்கள். மிச்சம் மாட்டுக்கும் கோழிக்கும் போகட்டும்.

கணவர் செய்துகொண்டவரானால், "உழைக்கிற உடம்பு, இத்தனூண்டு தின்னா எப்படி?" என்று தாய்மார்கள் கலங்குவது இயல்பு. சின்னத் தட்டில் வையுங்கள். இரண்டாம் முறை கேட்காமல் போடாதீர்கள். மீதியை மூடி வைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

வயிறு நிறைவது ஒன்று, மனம் நிறைவது வேறொன்று. பரோட்டாவும் சால்னாவும் ஆசையாகச் சாப்பிட்டவருக்கு, நாலு வாயில் எழுந்திருப்பது மனத்துக்குள் ஒரு துக்கம். "காசு கொடுத்து நோயை வாங்கிட்டு வந்திருக்கா" என்று யாராவது சொன்னால் அது புண்ணில் கோல் இடுவதாகும். அவர் பக்கம் நின்று பேச வேண்டியவர் துணைவர்தான். கல்யாணப் பந்தியில் "டாக்டர் சொல்லியிருக்கார், வேண்டாம்" என்று இலையை மறைக்க வேண்டியவரும் அவரே.

அடுத்த குழந்தை எப்போது?

அறுவைக்குப் பின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. எடை வேகமாக இறங்கும் காலத்தில் தாய்க்கே சத்து போதாது. கருவுக்கு எங்கிருந்து கிடைக்கும்? இங்கே ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு முறை தவறி, "நமக்கு எங்கே குழந்தை நிக்கப் போகுது" என்றிருந்த பெண்களுக்கும், எடை குறைந்ததும் விலக்கு சீராகி விரைவில் கரு தரித்துவிடும். பைபாஸ் செய்தவர்களுக்கு வாய்வழிக் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமல் போகலாம். வாந்தி இருந்தாலும் அதை நம்ப முடியாது. காப்பர்-டி அல்லது ஆணுறை நல்லது. குழந்தைகள் போதும் என்று முடிவு செய்த தம்பதியர் நிரந்தர முறை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ஆண்களுக்கான சிகிச்சை எளிது.

பிறகு கருத்தரித்தால், முதல் நாளே அறுவை விஷயத்தைச் செவிலியரிடம் சொல்லுங்கள். சர்க்கரை பார்க்கக் குளுக்கோஸ் கரைசல் கொடுப்பது வழக்கம். இவர்களுக்கு அது மயக்கம் தரக்கூடும். வேறு வழியில் பரிசோதிப்பார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பழைய அளவையே தொடராமல் அடிக்கடி சோதித்து அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

1. முதல் சில வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி, நாடி படபடப்பு.
2. தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி.
3. வாந்தியோடு கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல். இது தயமின் என்ற வைட்டமின் குறைவால் வருவது. தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகக் கெடும். "இரைப்பை ஆபரேஷன் செய்தவர்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.
4. கறுப்பாக மலம், இரத்த வாந்தி.

இவற்றுக்குக் கஷாயம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். சாதாரணச் சந்தேகங்களை 104இல் கேட்கலாம்.

தம்பதியரே! இன்று இரவு சாப்பாட்டில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கிப் பாருங்கள். அறுவை செய்தவர் வீடு என்றில்லை, எந்த வீடானாலும் சரி. எதிரே இருப்பவர் "போதும்" என்றால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சொன்னாலும் அப்படியே. அவர் வயிற்றின் அளவு அவருக்குத்தான் தெரியும்.